வட்டியைக் காட்டி முதலைக் கவர்வோர்



தோட்டத்துக் குடும்பத்தில் பெருந்தொகை என்று கைக்கு வருவது வாழ்நாளில் ஓரிரு முறைதான். வயது ஐம்பத்தைந்து ஆனதும் எடுக்கக்கூடிய சேமநிதிப் பணம் ஒன்று. தோட்டம் மூடப்படும்போது கிடைக்கும் பணிநீக்க இழப்பீடு மற்றொன்று. இவற்றை விட்டால், சம்பளத்தில் மிச்சம் பிடித்த சிறு தொகையும், தாய்மார்களின் நகையுந்தான் நமக்குள்ள கையிருப்பு. விடியற்காலையில் எழுந்து, பால்மரம் வெட்டியும், செம்பனைக் குலை அறுத்தும், உதிரிப் பழம் பொறுக்கியும் முப்பது நாற்பது ஆண்டுகளில் சேர்ந்த பணம் அது. அந்தப் பணம் நம் கையை விட்டுப் போக இன்று ஐந்து நிமிடம் போதும். கைப்பேசியில் நான்கு இடங்களில் விரலை வைத்தால் வங்கிக் கணக்கு காலியாகிவிடும். ஆகவே, இணையத்தின் வழியே வரும் ‘கொழுத்த வட்டி’ முதலீடுகளைப் பற்றி இன்று சிந்திப்போம்.

நம் மூவார் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். பாக்ரி, புக்கிட் பாசிர், பாகோ, பஞ்சோர் என்று எந்தப் பக்கம் போனாலும் இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோரும், தளவாடத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகளும் மாலையில் அதைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சிறு பெட்டிக்குள் ஒரு நாள் ஒரு செய்தி வருகிறது. “500 வெள்ளி போடுங்கள்; மூன்று மணி நேரத்தில் 5,000 வெள்ளி உங்கள் கணக்கில் விழும்” என்கிறது அது. கூடவே, பணம் பெற்றவர்கள் அனுப்பியதாக வங்கிச் சீட்டுப் படங்கள், ஒரு பெரிய காரின் படம், யாரோ ஒரு தலைவர் பேசுவது போன்ற ஒளிப்படம். இன்னொரு செய்தி சற்று அடக்கமாக வரும். “மாதம் 10 விழுக்காடு. வெளிநாட்டு நாணய வியாபாரம். கணினியே வாங்கும், கணினியே விற்கும். நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம்” என்று அது கூறும்.

மாதம் 10 விழுக்காடு என்றால் என்ன? ஆயிரம் வெள்ளிக்கு நூறு வெள்ளி. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வட்டியை எடுக்காமல் முதலோடு சேர்த்து விட்டுவைத்தால், 1,000 வெள்ளி ஓராண்டில் 3,138 வெள்ளி ஆகும். ஐந்தாண்டில் மூன்று லட்சத்து நாலாயிரத்தைத் தாண்டும். பத்தாண்டில் 9 கோடியே 27 லட்சம் வெள்ளி ஆகும்! ஆயிரம் வெள்ளி போட்ட ஒவ்வொருவரும் பத்தாண்டில் கோடீசுவரர் ஆகக்கூடிய தொழில் உலகத்தில் எங்கேனும் உண்டா? அப்படி ஒரு தொழில் தெரிந்தவர், தம்முடைய ஆயிரம் வெள்ளியைப் போட்டு அமைதியாக இருந்துவிடமாட்டாரா? நம்முடைய ஐந்நூறு வெள்ளியைத் தேடித் தோட்டத்துக்கு ஏன் வருகிறார்?

இதோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்போம். நாடு முழுவதிலுமுள்ள தொழிலாளர்களின் பணத்தை வைத்து, கற்றறிந்த வல்லுநர்களைக் கொண்டு முதலீடு செய்கிறது ஊழியர் சேமநிதி வாரியம். 2024-ஆம் ஆண்டுக்கு அது கொடுத்த இலாப ஈவு 6.30 விழுக்காடு. அதுவும் ஓராண்டு முழுவதற்கும். ஆயிரம் வெள்ளிக்கு 63 வெள்ளி. அதை நல்ல ஈவு என்று நாடே பேசிக்கொண்டது. அத்தனை பெரிய நிறுவனம் ஓராண்டில் ஈட்டுவதை விட அதிகமாக, பெயர் தெரியாத ஒருவர் ஒரே மாதத்தில் ஈட்டித் தருவதாகச் சொன்னால், நாம் சற்று நின்று யோசிக்க வேண்டாமா?

“ஆனால் பணம் வருகிறதே! பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாதமாக வாங்குகிறாரே!” என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். தொடக்கத்தில் பணம் வரத்தான் செய்யும். அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் இதன் சூட்சுமம்.

ஒருவர் பத்துப் பேரிடம் தலைக்கு ஆயிரம் வெள்ளி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் பத்தாயிரம் வெள்ளி. மாதம் 10 விழுக்காடு என்று ஆளுக்கு நூறு வெள்ளி கொடுக்கிறார். மாதச் செலவு ஆயிரம் வெள்ளி. எந்தத் தொழிலும் செய்யாமல், ஒரு காசும் ஈட்டாமல், அவரால் பத்து மாதம் இப்படிக் கொடுக்க முடியும். வாங்குகிறவர் “வட்டி வருகிறது” என்று மகிழ்கிறார். உண்மையில் வருவது அவருடைய சொந்த முதல்தான். அவருடைய பணத்தையே அவருக்குத் துண்டு துண்டாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இதற்குள் அந்தப் பத்துப் பேரும் தம் அண்ணன், மைத்துனர், கூட வேலை செய்பவர் என்று பலரிடம் சொல்லிவிடுகிறார்கள். ஐந்தாம் மாத முடிவில் இன்னும் பத்துப் பேர் சேர்கிறார்கள். புதிதாகப் பத்தாயிரம் வருகிறது. பழையவர்க்குப் புதியவர் பணம், புதியவர்க்கு இன்னும் புதியவர் பணம் என்று சக்கரம் சுழல்கிறது. சேருவோர் குறைந்த மாதம் அது நின்றுவிடும். நடத்துகிறவர் இடையிலேயே தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதால், பெரும்பாலும் அதற்கு முன்பே நின்றுவிடும்.

ஆள் சேர்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஐவரும் ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்பது விதி என்று கொள்வோம். ஐந்து, இருபத்தைந்து, நூற்று இருபத்தைந்து என்று அது பெருகும். பதினொன்றாம் படியில் 4 கோடியே 88 லட்சம் பேர் வேண்டும். மலேசியாவின் மொத்த மக்கள்தொகையே அதைவிடக் குறைவு. ஆகவே இத்திட்டம் சரியும் என்பது முதல் நாளே முடிவான கணக்கு. எந்த மாதம் என்பது மட்டுமே தெரியாது.

இது இணையத்தோடு பிறந்த வித்தை அன்று. 1920-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்பவர், 45 நாளில் 50 விழுக்காடு இலாபம் என்று அறிவித்தார். வெளிநாட்டு அஞ்சல் கூப்பன்களை வாங்கி விற்பதாகக் காரணம் சொன்னார். சில மாதங்களில் அது சரிந்தது. இன்றும் இவ்வகை மோசடியை உலகம் அவர் பெயராலேயே ‘போன்சி திட்டம்’ என்று அழைக்கிறது.

நம் நாட்டிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1980-களில் பேராக் மாநிலத்தின் தைப்பிங்கில் ‘பாக் மான் தெலோ’ என்று மக்கள் அழைத்த ஒருவர் மாதம் 10 விழுக்காடு தருவதாகக் கூறினார். ஏறக்குறைய 50,000 பேரிடமிருந்து 9 கோடியே 90 லட்சம் வெள்ளி திரண்டதாகச் சொல்லப்படுகிறது. அப்போது இணையம் இல்லை, வாய்மொழியே விளம்பரம். பின்னர் ‘சுவிஸ் கேஷ்’ வந்தது. 1948-ஆம் ஆண்டை நிறுவனத்தின் பெயரிலேயே சேர்த்துக்கொண்டு, பழம்பெரும் நிதி போலக் காட்சி தந்து, 15 மாதத்தில் 300 விழுக்காடு வரை இலாபம் என்று இணையப் பக்கத்தில் விளம்பரம் செய்தது. மலேசியப் பங்குப் பத்திர ஆணையம் 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வழக்குத் தொடுத்தது. பின்னர் உடன்பாட்டின்படி 3 கோடியே 10 லட்சம் வெள்ளி முதலீட்டாளர்களுக்கென மீட்கப்பட்டது. அது மக்கள் போட்ட பணத்தில் ஒரு பகுதிதான்.

தங்கத்தின் பெயராலும் ஆசை காட்டினார்கள். ‘ஜெனிவா’ என்ற நிறுவனம் தங்கக் கட்டியைச் சந்தை விலையை விடக் கூட்டி விற்று, மாதந்தோறும் ஏறக்குறைய 2 விழுக்காடு அன்பளிப்பு என்று கொடுத்து, பிறகு அதே விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. தங்கம் கையில் இருக்கிறதே, ஏமாற்றம் எங்கே என்று மக்கள் நம்பினார்கள். விலையைக் கூட்டி வாங்கிய அன்றே நட்டம் கணக்கில் ஏறிவிட்டதை அவர்கள் பார்க்கவில்லை. 2012 அக்டோபர் முதல் நாள் பேங்க் நெகாரா அந்நிறுவனத்தில் சோதனை நடத்தியது. 2017-இல் பினாங்கைச் சேர்ந்த ‘ஜே.ஜே.பி.டி.ஆர்.’ திட்டம் மாதம் 20 விழுக்காடு என்றது. சீன மொழியில் அப்பெயருக்குச் சாதாரண மக்களைக் காப்பது என்று பொருள். அவ்வாண்டு ஏப்ரலில், கணக்குக்குள் யாரோ புகுந்து பணத்தைத் திருடிவிட்டார்கள் என்று சொல்லிப் பணம் கொடுப்பதை நிறுத்தினார்கள். தமிழ்நாட்டிலும் 2022-ஆம் ஆண்டில் ‘ஆருத்ரா கோல்டு’ என்ற நிறுவனத்தின் விவகாரம் வெளிப்பட்டது. மாதம் 25 முதல் 30 விழுக்காடு தருவதாகச் சொல்லி, ஏறக்குறைய ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டிய திட்டம் அது. பெயர் மாறுகிறது, ஊர் மாறுகிறது, சொல்லும் காரணம் மாறுகிறது. பழையவர்க்குப் புதியவர் பணம் என்ற கணக்கு மட்டும் மாறுவதில்லை.

தோட்டத்து மக்களிடம் இத்திட்டங்கள் எளிதில் பரவுவதற்குக் காரணம் உண்டு. ஒரே லயத்தில் வாழ்ந்த நமக்குள் நம்பிக்கை அதிகம். பத்துத் தாய்மார்கள் சேர்ந்து கூட்டுப் போட்டு, மாதம் ஒருவர் எடுத்து, பள்ளிக்கூடச் செலவையும் தீபாவளியையும் சமாளித்த அனுபவம் நமக்கு உண்டு. ஆனால் கூட்டிலும் பணத்தோடு மறைந்தவர்கள் இருந்ததால், அதை வணிகமாக நடத்துவதைத் தடுக்க 1971-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் ‘கூட்டு’ என்றே இருக்கிறது. பழைய கூட்டிலாவது பணம் பிடிப்பவர் யார், அவர் வீடு எது என்று தெரியும். யாருக்கும் இலாபம் என்று பொய் சொல்வதில்லை. போட்டதுதான் திரும்பி வரும். இணையத் திட்டத்தில் நடத்துகிறவர் முகம் தெரியாது. ஆனால் நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பவர் நம் சொந்தக்காரர். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். அவரும் நம்பித்தான் சொல்கிறார். இறுதியில் பணம் போவதோடு உறவும் முறிகிறது. தங்கை கணவர் முகத்தில் விழிக்க முடியாமல், ஒரே கோவில் திருவிழாவில் இரு பக்கமாக நிற்கும் நிலை வருகிறது. இந்த நட்டத்தை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தராது.

இப்போது இணையத் திட்டங்களின் தனித் தந்திரங்கள் சிலவற்றைக் காண்போம்.

கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அதில் நம் பணம் நாள்தோறும் ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். அது வெறும் எண். தாளில் ‘லட்சம்’ என்று எழுதிவைத்தால் பெட்டியில் லட்சம் இருக்குமா? அதுபோலத்தான் அதுவும். முதலில் நூறு வெள்ளி எடுக்க விடுவார்கள். நம்பிக்கை வந்ததும் பெரிய தொகை போடச் சொல்வார்கள். அதை எடுக்கப் போகும்போது, “முதலில் வரி கட்டுங்கள், பிறகு கட்டணம் கட்டுங்கள், கணக்கைத் திறக்க இன்னும் இரண்டாயிரம் அனுப்புங்கள்” என்பார்கள். ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்வோம்: நம் பணத்தை எடுப்பதற்கு நம்மிடமே பணம் கேட்டால் அது மோசடி.

அடுத்தது, பதிவுத்தாள் காட்டுவது. “நாங்கள் எஸ்.எஸ்.எம்.-இல் பதிவு பெற்ற நிறுவனம்” என்று ஒரு தாளை அனுப்புவார்கள். முடிதிருத்தும் கடையும் அங்கேதான் பதிவு பெறுகிறது. நிறுவனமாகப் பதிவு பெறுவது வேறு; பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க உரிமம் பெறுவது வேறு. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் வைப்புத்தொகை வாங்குவோருக்கு 10 ஆண்டு வரை சிறையோ, 5 கோடி வெள்ளி வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இன்னும் சிலர், பெயர்பெற்ற நிறுவனங்களின் பெயரையும் சின்னத்தையும் திருடி, டெலிகிராமில் போலிக் குழு நடத்துகிறார்கள். பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லாமல், யாரோ தனி ஆளின் பெயரில் இருந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

அந்தத் தனி ஆள் யார்? பல வேளைகளில் நம் வீட்டுப் பிள்ளையைப் போன்ற ஓர் இளைஞர். “உன் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கொடு, மாதம் ஐந்நூறு தருகிறேன்” என்று கேட்டதற்காகக் கொடுத்தவர். மோசடிப் பணம் அவர் கணக்கின் வழியாகத்தான் போகும். போலீஸ் முதலில் தேடி வருவது அவரைத்தான். 2024-ஆம் ஆண்டில் குற்றவியல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, இப்படிக் கணக்கை இரவல் கொடுப்பதே குற்றமாக்கப்பட்டுள்ளது. பெற்றோர்கள் இதைப் பிள்ளைகளிடம் இன்றே சொல்லிவைக்க வேண்டும்.

சரி, ஒரு திட்டம் நல்லதா கெட்டதா என்று எப்படிச் சோதிப்பது? பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல்களை இணையத்தில் வெளியிடுகின்றன. பேங்க் நெகாராவை 1-300-88-5465 என்ற எண்ணில் கேட்கலாம். போலீஸ் வணிகக் குற்றப் பிரிவின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில், வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போட்டால் அதன் மீது புகார் உண்டா என்று தெரியும். நமக்கு முடியாவிட்டால் படிக்கும் பிள்ளைகள் பார்த்துச் சொல்வார்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு திட்டம் நல்லது ஆகிவிடாது. நேற்று முளைத்தது நாளைதான் பட்டியலில் ஏறும். ஆகவே உரிமம் உண்டா என்று கேட்பதே சரியான கேள்வி.

பணம் அனுப்பிய பிறகுதான் ஏமாற்றம் தெரிகிறது என்றால், வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுவதற்குள் தடுக்க முடிந்தால் முடக்குவார்கள். ஒரு மணி நேரத் தாமதமும் பெரிது. பிறகு பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் புகார் எழுத வேண்டும். பணம் அனுப்பிய சீட்டு, செய்திகள், எண்கள் எதையும் அழித்துவிடக் கூடாது. “இழந்ததை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்” என்று அதன்பின் வருபவரும் பெரும்பாலும் அதே கூட்டத்தார்தான்.

அப்படியானால் பணத்தை எங்கே வைப்பது? உரிமம் பெற்ற வங்கிகளில் வைக்கும் பணத்துக்கு, ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை பி.ஐ.டி.எம். காப்புறுதி உண்டு. சேமநிதியை உடனே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; அங்கேயே விட்டுவைத்தால் ஈவு தொடர்ந்து வரும். அமானா சாகாம் மலேசியா போன்ற, எல்லா மலேசியரும் வாங்கத்தக்க நிதிகளும் உண்டு. பங்குகள் கிடைக்கும் வேளையில் வாங்கலாம். இவை எதுவும் ஓராண்டில் இரட்டிப்பாகாது. ஆண்டுக்கு 6 விழுக்காடு கிடைத்தால் பணம் இரட்டிப்பாகப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். அதுவே நேர்மையான பணத்தின் நடை.

சட்டப்படி நடக்கும் முதலீட்டிலும் நட்டம் வரலாம் என்பதை நம் சமுதாயம் அறியும். 1980-களில் ஏறக்குறைய 66,000 பேர் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி போட்ட மைக்கா நிறுவனத்தின் பங்குக்கு, 2010-இல் கிடைத்த விலை வெள்ளிக்கு 80 காசு. கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தும் முதலே முழுதாக வரவில்லை. மாறாக, 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், மாதம் பத்து வெள்ளி கட்டிய தொழிலாளரின் பணம் தோட்டங்களை வாங்கியது. நிலத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பணம் எதுவாக மாறுகிறது, கணக்கை யார் பார்க்கிறார், யார் பொறுப்பு என்று கேட்பது நம் உரிமை. பதில் வராத இடத்தில் பணம் போடக் கூடாது. எந்த நல்ல முதலீடானாலும் எல்லாவற்றையும் ஒன்றிலேயே போடக் கூடாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான்.

நிறைவாக, ஐந்து செய்திகளை நினைவில் வைப்போம். மாதக் கணக்கில் வட்டி பேசினால் விலகுவோம். உரிமம் உண்டா என்று கேட்போம். இன்றே போட வேண்டும் என்று அவசரப்படுத்தினால், ஒரு வாரம் கழித்துச் சொல்கிறோம் என்போம். குடும்பத்தில் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் கலந்து பேசாமல் ஒரு வெள்ளியும் அனுப்பமாட்டோம். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ முதலீடு செய்யவே மாட்டோம். ஏற்கெனவே கடனில் சிக்கியவர்கள், கட்டணமின்றி ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே. அமைப்பை அணுகலாம், இன்னொரு திட்டத்தில் போட்டு அடைத்துவிடலாம் என்று எண்ணினால் முதலுக்கே மோசம் வரும்.

பேராசையால் மட்டும் மக்கள் ஏமாறுவதில்லை. பிள்ளையின் படிப்புக்கும் சொந்த வீட்டுக்கும் சம்பளம் போதாத கவலைதான் பலரை இதில் கொண்டுபோய் விடுகிறது. அந்தக் கவலை நியாயமானது. அதனால்தான் ஏமாந்தவரைப் பழிக்காமல், அடுத்தவர் ஏமாறாமல் காப்பது நம் கடமையாகிறது. இன்று கேட்டதை நாளைக் காலையில் வேலைக்காட்டில் நாலு பேரிடம் சொல்லுங்கள். அதுவே அவர்களுக்கு நீங்கள் செய்யும் உதவி.